முத்துத்தாயும் முள்வெட்டி மிஷினும்

சீமைக் கருவேலத்துக்கும் முத்துத்தாய்க்கும் இருந்த பகை ஊருக்கே தெரியும். மற்றவர்களுக்கு அது அடுப்புக்கு விறகு. கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சோறு. முத்துத்தாய்க்கு மட்டும் அது புருஷன் காலைத் தின்ற செடி. எண்பத்தொன்பதாம் வருஷம் நல்லமுத்துவின் இடது உள்ளங்காலில் ஒரு முள் ஏறி, ஒடிந்து, உள்ளேயே தங்கிவிட்டது. "முள்ளுக்கெல்லாம் ஆசுபத்திரிக்குப் போனா ஊரு சிரிக்கும்" என்று எருக்கம்பாலைத் தடவிக்கொண்டு திரிந்தார். சர்க்கரை உடம்பு வேறு. ஊர் சிரிக்கக் கூடாது என்று பார்த்த மனுஷர், கடைசியில் மதுரைக்குப் போய் முழங்காலுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு வந்தார்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கமாகப் பிரியும் ஒரு கரிசல் கிராமம் அவர்களுடையது. அந்த ஊருக்கு முதன்முதலில் டிராக்டர் கொண்டுவந்தவர் நல்லமுத்துதான். பழைய வண்டி, அதுவும் சின்ன வண்டி. பெரிய டிராக்டர் பக்கத்தில் நின்றால் தாய்மாட்டுப் பக்கத்தில் கன்றுக்குட்டி நிற்கிற மாதிரி இருக்கும். ஊரில் அதற்குப் பெயரே 'குட்டி'. இருந்தாலும் முதல் வண்டி முதல் வண்டிதானே. அதில் உட்கார்ந்து தெருவில் வரும்போது நல்லமுத்துவின் முதுகு ஒரு தனி நிமிர்வு நிமிரும். கால் போன பிறகு குட்டி தகரக் கொட்டகைக்குள் நின்றது. கிளச்சு மிதிக்க இடது கால் வேண்டும்.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள் முத்துத்தாய். வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வண்டியின் மட்கார்டில் உட்கார வைத்தாள். தான் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"சொல்லுங்க. எதை மிதிக்கணும்?"

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா?"

"கிறுக்குத்தான். எதை மிதிக்கணும், அதைச் சொல்லுங்க."

அப்படித்தான் கற்றுக்கொண்டாள். "கிளச்சை மெதுவா விடு, மெதுவா. அது கிளச்சு, தோசைத் திருப்பி இல்ல" என்று அவர் கத்துவார். இவள் கொட்டகைத் தூணில் ஒரு தரம், பக்கத்து வீட்டு வைக்கோல் படப்பில் ஒரு தரம் என்று மோதி மோதியே ஓட்டுநர் ஆகிவிட்டாள். ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் போக வேண்டும். டிரெய்லரில் டிரம்முகளை ஏற்றி வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் ஊர் சிரித்தது. அப்புறம் நின்றுவிட்டது. வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவளைப் பார்த்து எத்தனை நாள்தான் சிரிப்பார்கள்?

ஆனால் உழவு மட்டும் கூடாது. அதில் ஊர் கறாராக இருந்தது. ஊர்ப் பெரியவர் அருஞ்சுனை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "தண்ணி ஓட்டு, உரம் ஓட்டு, மணல் ஓட்டு. பொம்பள மேழி பிடிச்சா மழை பெய்யாது தாயி. மானம் பாத்த ஊரு இது. உன் ஒருத்திக்காக ஊரே காயணுமா?"

அருஞ்சுனை பொல்லாதவர் இல்லை. மழை ஒன்றையே நம்பிப் பிழைக்கிற ஊரில் மழையைப் பற்றிச் சொன்ன எதையும் மீறத் துணிச்சல் வராது. முத்துத்தாய்க்கே வரவில்லை. குட்டியைக் கூலிக்கு ஓட்ட ஆம்பளை டிரைவரும் கிடைக்கவில்லை. அதனால் அவர்களுடைய மூன்று குறுக்கம் நிலம் வாடகை டிராக்டரை நம்பிக் கிடந்தது. மழை பெய்தவுடனே உழுது பிழைக்கிற எல்லாச் சம்சாரிக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். ஒற்றைக் கால் சம்சாரிக்குக் கடைசியில்தான் வண்டி வரும். முதல் வருஷம் ஈரத்தின் பதம் தப்பி விதைத்தார்கள், முளைக்கவில்லை. அடுத்த வருஷம் வண்டியே வரவில்லை. சும்மா கிடக்கிற நிலத்தைக் கண்டால் சீமைக் கருவேலம் விடுமா? மூன்றாம் வருஷம் உள்ளே ஒரு ஆடு நுழைந்தால் அது நிற்கிற இடம் தெரியாது.

அந்த நிலம் நல்லமுத்துவுக்கும் அவர் அண்ணன் இருளப்பசாமிக்கும் பொது. பாகம் பிரிக்காத சொத்து. இருளப்பசாமி பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தம்பி உழுது சாப்பிடட்டும் என்று அத்தனை வருஷமும் ஒரு வார்த்தை கேட்காத மனிதர்தான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆனி மாதம் ஊருக்கு வந்தவர், முள்ளுக்காட்டைப் பார்த்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்கு நடந்தார்.

"முள்ளு வளக்கவாடா பட்டா வச்சிருக்கோம்? வெளியூர்ப் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கிருவோம்."

முத்துத்தாய்தான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "இந்த வருசம் வெதச்சுருவோம் அத்தான்."

"எப்படி வெதப்ப? முள்ளு மேலயா?"

கேட்டுவிட்டாரே தவிர, இருளப்பசாமிக்கு மனசு கேட்கவில்லை. "சரி. ஐப்பசி முடியுறதுக்குள்ள அதுல வெத விழுந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். விழலைன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருவோம். இதுக்கு மேல என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிலம் போனால் சோற்றுக்குச் செத்துப்போக மாட்டார்கள். தண்ணீர் வண்டி இருக்கிறது. ஆனால் நல்லமுத்துவுக்குக் கால் போனபோது மிஞ்சியது, தான் ஒரு சம்சாரி என்கிற ஒன்றுதான். அதுவும் போனால் அந்த மனுஷர் என்ன ஆவார் என்று நினைக்கவே முத்துத்தாய்க்குப் பயமாக இருந்தது.

ஆள் விட்டு வெட்டலாம் என்றால் ஆள் இல்லை. இருக்கிற ஆட்களெல்லாம் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விட்டார்கள். அரிவாளோடு வந்த இரண்டு பேர் மத்தியானத்துக்குள் கை கால் கிழிந்து கிளம்பிவிட்டார்கள். கரிமூட்டக்காரர் கை கனத்துக்கு இருந்த மரங்களை மட்டும் வெட்டிக்கொண்டு, கட்டைவிரல் கனமும் இரண்டு விரல் கனமுமாக மண்டிக் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டார். அப்போதுதான் தண்ணீர் டிரெய்லருக்கு வெல்டிங் வைக்க வந்தவர் ஒரு சேதி சொன்னார். அருப்புக்கோட்டையில் பழைய மிஷின் வாங்கி விற்கிற ஜான்ராஜ் பட்டறையில், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புதர் வெட்டுகிற மிஷின் இரண்டு வந்து கிடக்கிறதாம். அடியில் கத்தி சுழன்று செடியை நொறுக்கித் தள்ளிவிடுமாம்.

நல்லமுத்து அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். குட்டியின் பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"இதான் நம்ம அளவு. இதுக்குக் கொறஞ்சா நம்ம சக்கரம் வெட்டாத முள்ளு மேல ஏறும். ரொம்பக் கூடுனா வண்டி தாங்காது. இந்தா, நீ வச்சுக்க" என்று மனைவியிடம் கொடுத்தார்.

இரண்டு கிடாய்களை விற்ற காசோடு, குட்டியிலேயே அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அவள் சீட்டில், அவர் மட்கார்டில், ஊன்றுகோல் குறுக்கே. வழியில் எதிர்ப்பட்ட பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். "பாக்கட்டும். டிக்கெட்டா கேக்கப் போறோம்" என்றார் நல்லமுத்து. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. முத்துத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

ஜான்ராஜ் பட்டறை மதுரை ரோட்டு ஓரம். மில்லில் கழித்த மோட்டார், உடைந்த பம்புசெட்டு, பெயர் தெரியாத இரும்பு என்று மலையாகக் கிடந்தது. அந்த இரண்டு மிஷின்களும் வேப்பமரத்தடியில் இருந்தன. ஒன்று ஆறடி அகலம். பச்சைப் பெயிண்ட் மினுங்கியது. ஏதோ எஸ்டேட்டில் இருந்ததாம். இன்னொன்று நாலடி. மில் வளாகத்தில் புதர் வெட்டிக்கொண்டிருந்தது. மேல்தகடு நெளிந்து, துருப்பிடித்து, பின்னால் சங்கிலித் துண்டுகள் திரைபோலத் தொங்க, கவிழ்த்துவைத்த கோழிக்கூடு மாதிரி இருந்தது.

ஆசை யாரை விட்டது? நல்லமுத்து ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நேரே பச்சை மிஷினுக்குப் போனார். தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "தம்பி, இதான் மிஷினு. இத மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள நொழஞ்சா ஒரு பய பேச மாட்டான்" என்றார் ஜான்ராஜிடம்.

"அண்ணாச்சி, உங்க வண்டி பதினெட்டு எச்பி. இது பெரிய வண்டிக்கு உள்ளது" என்றார் ஜான்ராஜ்.

"சின்ன வண்டின்னா சும்மாவா? நான் அதுல எம்புட்டு லோடு அடிச்சிருக்கேன் தெரியுமா?"

முத்துத்தாய் இடுப்பில் செருகியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அளக்காமலே தெரிந்தது, அது குட்டிக்கு ஆகாதென்று. விரலுக்குத் தக்க வீக்கம்தானே வேண்டும். ஆனால் புருஷன் முதுகில் அந்தப் பழைய நிமிர்வு வந்திருந்தது. மூன்று வருஷமாக அவள் தேடிய நிமிர்வு. அதைத் தன் வாயால் எப்படிக் கூன வைப்பாள்?

"மாட்டிப் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஜான்ராஜின் ஆட்கள் பச்சை மிஷினைக் குட்டியின் பின்னால் மாட்டினார்கள். முத்துத்தாய் ஏறி உட்கார்ந்து தூக்குகிற லீவரை இழுத்தாள். மிஷின் தரையை விட்டு எழும்பவில்லை. பதிலுக்குக் குட்டியின் முன்சக்கரங்கள் எழும்பின. ஒரு சாண் உயரத்துக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் காற்றில் திரும்பியது.

"முன்னாடி ரெண்டு ஆட்டுக்கல்லைக் கட்டிருவோம்" என்றார் நல்லமுத்து. குரலில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

"மூக்குக்குக் கல்லைக் கட்டலாம் அண்ணாச்சி. இஞ்சினுக்கு எதைக் கட்டுவீக? முள்ளுக்குள்ள நொழஞ்ச ஒடனே மூச்சடைச்சு நின்னுரும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது முத்துத்தாய்க்கு. வண்டியை இறக்கி நிறுத்திவிட்டு வந்து, கயிற்றை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நீங்க முடிச்சுப் போட்ட கயிறு. எனக்கு இதெல்லாம் ஓடாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க எதைச் சொல்றீகளோ அத வாங்குவோம்."

அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். பிறகு துருப்பிடித்த மிஷினுக்குப் போனார். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தே அளந்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முடிச்சு ஏறக்குறைய அச்சாக வந்து நின்றது. மிஷின் நாலு விரல் கூடுதல், அவ்வளவுதான்.

அதன் பிறகு பழைய நல்லமுத்து வந்துவிட்டார். மிஷினைச் சாய்க்கச் சொல்லி அடியில் இருந்த கத்திகளைக் கையால் ஆட்டினார். இரண்டும் கதவுக்கீல் மாதிரி தாராளமாக மடங்கின. கல்லிலோ தூரிலோ பட்டால் மடங்கித் தப்பிக்கும், நல்லது என்றார். கியர் பெட்டியின் மூடியைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார், இரும்புத் தூள் இல்லை. தொங்குகிற சங்கிலிகளை எண்ணாத குறையாக இழுத்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட முள் தெறித்து ஆள் மேல் விழாமல் தடுப்பது அதுதான். கடைசியில் வண்டியோடு சேர்க்கிற தண்டில் இருந்த ஒரு போல்ட்டில் அவர் கண் நின்றது.

"தம்பி, இது கெட்டி போல்ட்டுல்ல? இங்க ஒடியுற போல்ட்டுத்தான் போடணும். போல்ட்டு ஒடியலைன்னா கியர் பெட்டி ஒடியும்."

"எவனோ மாத்திட்டான் அண்ணாச்சி. நான் கவனிக்கல" என்று ஜான்ராஜ் ஒரு கைப்பிடி சாதாரண போல்ட்டுகளை அள்ளிக் கொடுத்தார். "இது இனாம். ஒடிய ஒடியப் போட்டுக்கிடுங்க."

கிடாய்க் காசை எண்ணிக் கொடுத்து, துருப்பிடித்த மிஷினை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஊர் எல்லையில் நல்லமுத்து, "பாக்கத்தான் கோழிக்கூடு மாதிரி இருக்கு. நல்ல மிஷினு" என்றார்.

"நீங்க பாத்து எடுத்தது" என்றாள் அவள்.

மறுநாள் காட்டுக்குள் முன்பக்கமாக வண்டியை விட்டாள். பத்தடி போகவில்லை, முன்சக்கரம் இரண்டும் பஞ்சர். வெட்டுகிற மிஷினோ பின்னால் இருக்கிறது, முள்ளில் முதலில் ஏறுவதோ முன்சக்கரம். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வரப்பில் உட்கார்ந்திருந்த நல்லமுத்து வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஏ புள்ள, ரிவர்ஸுல போ. மிஷினு முன்னால போகட்டும், நீ பின்னால போ."

பஞ்சர் ஒட்டி வந்து அப்படியே செய்தாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரத்தைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டாள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு. மிஷினைத் தூக்கிப் பிடித்தபடி ரிவர்ஸிலேயே போய்ப் புதர் மேல் இறக்கினாள். படபடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்து நின்ற முள் நார் நாராகக் கீழே கிடந்தது. அவள் வாய் விட்டுச் சிரித்தாள். கால் போன நாளிலிருந்து அந்தச் செடிக்கு எதிராக அவள் ஜெயித்த முதல் அடி அது.

சத்தம் கேட்டு அருஞ்சுனை வந்துவிட்டார்.

"தாயி, ஏரு பூட்டிட்டியா?"

"ஏரு இல்ல மாமா. முள்ளு வெட்டுற மிஷினு."

அருஞ்சுனை வரப்பில் குத்தவைத்து, வண்டி பின்பக்கமாகவே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "முன்னால போனாத்தான் ஏரு. இது பின்னாலதான போகுது. இதுல ஒரு கொறையும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியே நம்ம வரப்போரமும் ஒரு இழுப்பு இழுத்துரு தாயி. உங்க முள்ளு நம்ம பக்கம் வந்துருச்சு" என்றார். தீர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நாம் கேட்க வேண்டாம்.

காலையில் தண்ணீர் வண்டி, மத்தியானத்துக்கு மேல் முள். ஆவணி, புரட்டாசி இரண்டும் இப்படிப் போயின. போல்ட்டு ஒடியும். நல்லமுத்து உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிக் கொடுப்பார். வெட்டினால் மட்டும் சாகிற செடியா அது, தூர் இருந்தால் துளிர்த்துவிடும். ஆனால் முள் போன பிறகு தூருக்குப் பக்கத்தில் உட்கார முடிந்தது. தண்ணீர் வாங்குகிற வீட்டுப் பெண்கள் கடப்பாரையோடு வந்து கூடக் கூடத் தோண்டினார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தே ஓட்டி ஓட்டி முத்துத்தாய்க்குக் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதுகூடக் கோணலாகத்தான் உட்காருவாள்.

நிலம் தெளிந்துவிட்டது. மழைதான் வரவில்லை. ஐப்பசி பாதி போயிற்று. இருளப்பசாமியின் வார்த்தை வீட்டுக்குள் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசி வாரத்தில் இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் மழை விட்டு வெறித்தது. மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்த நல்லமுத்து, "நாளைக்குப் பதம். நாளைக்கு விட்டா இல்ல" என்றார்.

வருகிறேன் என்று சொன்ன வாடகை வண்டி மறுநாள் வரவில்லை. உச்சிவேளைவரை பாதையைப் பார்த்தாள் முத்துத்தாய். பிறகு எழுந்து போய்க் கோழிக்கூட்டைக் கழற்றினாள். கொட்டகையில் கிடந்த பழைய கொத்துக் கலப்பையை மாட்டினாள். நல்லமுத்து தடுக்கவில்லை. காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தியபோது அருஞ்சுனை வந்து குறுக்கே நின்றார். பின்னால் ஊர் நின்றது.

"தாயி, இது முன்னால போற வண்டியாச்சே."

"ஆமா மாமா. இது ஏருதான். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் வழியை விடவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ்ஸிலிருந்து இறங்கி வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்து சேர்ந்தார் இருளப்பசாமி. நிலைமையைப் புரிந்துகொள்ள அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். ஈரம் காய்ந்துவிடும், ஐப்பசி முடிந்துவிடும், நிலம் விலைபோய்விடும். ஊர் அவரைப் பார்த்தது. அவர் நிலத்தைப் பார்த்தார். முள்ளுக்குள் மறைந்து கிடந்த கடைசி வரப்பும் அதன் மேல் கிடந்த எல்லைக் கல்லும் பளிச்சென்று தெரிந்தன. ஓரத்தில் தோண்டிப் போட்ட தூர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. தம்பி மனைவியின் கைகளில் கீறல் இல்லாத இடம் இல்லை.

"அருஞ்சுனை மாமா" என்றார் இருளப்பசாமி. "மழை பெஞ்சிருச்சு. பெஞ்ச மழை திரும்ப மேல போயிருமா? அவ ஓட்டட்டும்."

அருஞ்சுனை கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அது நல்ல நீலமாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது. வழியை விட்டு விலகிக்கொண்டார்.

முதல் உழவுச் சாலில் வீட்டு ஆண்மகன்தான் விதை போட வேண்டும். நல்லமுத்து விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊன்றுகோலோடு காட்டுக்குள் இறங்கினார். கால் போனதிலிருந்து அவர் அந்த மண்ணுக்குள் இறங்கியதில்லை. கரிசல் ஈரம், ஊன்றுகோல் ஒரு சாண் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ஒற்றைக் காலில் தள்ளாடியபடி நின்றார்.

இருளப்பசாமி குடையை வரப்பில் போட்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டினார். "அந்தக் கம்பை விடுறா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி, தம்பியின் இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். விதைப்பெட்டியைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டார்.

"ம், போடு. கடையைப் பூட்டாம வந்திருக்கேன்."

முத்துத்தாய் கிளச்சை மெதுவாக விட்டாள். வண்டி முன்னால் போனது. உழும்போது முன்னால்தான் பார்க்க வேண்டும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு மாதமாகப் பின்னால் பார்த்தே பழகிய கழுத்து. ஒரே ஒரு தரம் திரும்பிவிட்டது. பின்னால் அண்ணனும் தம்பியும் மூன்று காலில், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, விதை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஸ்டியரிங் கையில் லேசாக நழுவியது.

அந்த இடத்தில் சால் கொஞ்சம் கோணிப்போனது. பயிர் முளைத்த பிறகு பாதையில் நின்றாலே அந்தக் கோணல் தெரியும். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் யாராவது கேலி செய்தால் நல்லமுத்துவுக்குக் கோபம் வரும். முத்துத்தாய் மட்டும் சிரித்துக்கொள்வாள்.